வலிய எதிரணி

நெய்வேலிச் சுரங்கத்திற்கு இரவு என்பதில்லை. வாளிச் சக்கரம் பூட்டிய பேரெந்திரங்கள் பகலெல்லாம் மண்ணை அகழ்கின்றன. விளக்கொளியில் நள்ளிரவிலும் அகழ்கின்றன. அகழ்ந்தெடுத்த மேல்மண்ணும் பழுப்பு நிலக்கரியும் நீண்ட பட்டைகளின்மேல் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. அனல்மின் நிலையத்தின் உலை அணைந்தால் எங்கோ தொலைவிலுள்ள ஊர்களில் விளக்கு அணையும். ஆதலால் தொழிலாளர் மூன்று முறையாகப் பிரிந்து, ஒரு சாரார் வெளியேற மற்றொரு சாரார் உட்புகுந்து பணிபுரிகின்றனர். இம்முறையை அவ்வூரார் 'ஷிப்டு' என்றே வழங்குவர். தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும் ஷிப்டு நிற்பதில்லை. விளையாட்டுப் போட்டிக்காகவா நிற்கப்போகிறது?

இத்தகைய ஊரில் ஓர் இறுதிப் போட்டியை எதிர்நோக்கியிருத்தல் எளிதன்று. போட்டி இன்ன நாளில் நடைபெறும் என்ற செய்தி வந்தவுடனே, அன்று தமக்கு எந்த ஷிப்டு என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவர் ரசிகர். காலை ஷிப்டு வாய்த்தவர் மாலைப் போட்டியைக் காணலாம். இரவு ஷிப்டு வாய்த்தவர் உறக்கத்தைத் துறந்து பகற்போட்டியைக் காணலாம். பிற்பகல் ஷிப்டு வாய்த்தவர் நிலைதான் இரங்கத்தக்கது. ஆட்டம் சூடேறும் வேளையில் அவர் பணிக்குப் புறப்பட்டாக வேண்டும். உடன் பணிபுரியும் நண்பரிடம் முறை மாற்றிக்கொள்ளுமாறு அவர் வேண்டி நிற்பார். அந்நண்பரும் அதே ஆட்டத்தில் பித்துக் கொண்டவராக இருந்துவிட்டாலோ, நட்புக்கே சோதனை வந்துவிடும்!

நெய்வேலி நகரியம் பழைய ஊரன்று. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னரே, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, அகன்ற சாலைகளும் நிழல் மரங்களும் கொண்டு அது எழுந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே அண்டை வீட்டார் ஆயினர். சுற்றிலும் இருப்பவை தொன்மையான சிற்றூர்கள். சுரங்கத்திற்குத் தம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்த ஊர்களும் அவற்றுள் உண்டு. அவ்வூர்களில் பொங்கலை ஒட்டிச் சடுகுடு ஆடுதல் நெடுநாளைய வழக்கம். மட்டைப் பந்தாட்டத்திற்குப் பொருளும் பரந்த திடலும் வேண்டும். சடுகுடுவுக்கோ மண்ணில் கிழித்த கோடும், அடக்கிய மூச்சும், அஞ்சாத நெஞ்சும் போதும். ஆகவே ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணி இறுதிப் போட்டிக்குச் சென்றது என்றால், நகரியத்துத் தேநீர்க் கடையிலும் மந்தாரக்குப்பத்துப் பேருந்து நிறுத்தத்திலும் பேச்சு அதுவாகவே இருக்கும்.

பேச்சில் முதற்கேள்வி, "எதிரணி எது?" என்பதே. "ஈரான்" என்று விடை வந்தால் சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் இருவகைக் குரல்கள் எழும். "அவர்களுடைய சிறந்த வீரர் எவரேனும் காயமுற்று விலகினாரா?" என்று ஆவலுடன் வினவும் ஒரு குரல். "அவர்கள் முழு வலிமையுடன் வரட்டும், வந்த பின்னர் பார்ப்போம்" என்று கூறும் மற்றொரு குரல். முதற்குரலினர் தொகையில் மிகுதியானவர். அவர்களைக் குற்றங் கூறவும் இயலாது. தாம் விரும்பும் அணி தோற்பதைக் காண எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் விளையாட்டை உள்ளவாறு அறிந்தவர் இரண்டாம் குரலினரே.

ஈரான் என்ற பெயர் ஏன் அவ்வமைதியைத் தோற்றுவிக்கிறது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. 1990ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. அன்று தொட்டு 2014 வரை நடந்த ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் பிரிவில் தங்கம் இந்தியாவுக்கே உரியதாயிற்று. ஆனால் அவ்வெற்றிகளின் அளவை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 2010இல் குவாங்சௌ நகரில் இந்தியா ஈரானை 37–20 என்று வென்றது. 2014இல் இஞ்சியோன் நகரில் அதே ஈரான் முற்பாதியில் 21–13 என்று முந்தி நின்றது. பிற்பாதியில் அரும்பாடுபட்டு இந்தியா 27–25 என்று வெற்றியைப் பறித்தது. பதினேழு புள்ளி இடைவெளி நான்கே ஆண்டுகளில் இரண்டு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் இடைவேளையின்போது ஈரானே 18–13 என்று முன்னின்றது. பின்னர் அஜய் தாக்குர் பாடிச் சென்று புள்ளிகளைக் குவித்தமையால், இந்தியா 38–29 என்று வென்றது.

2018இல் ஜகார்த்தாவில் அது நேர்ந்தேவிட்டது. அரையிறுதியில் ஈரான் 27–18 என்று இந்திய ஆடவரை வீழ்த்தியது. மறுநாள் மகளிர் இறுதிப் போட்டியிலும் ஈரான் 27–24 என்று வென்றது. இரு தங்கங்களும் ஒருங்கே கைவிட்டுப் போயின. கபடியில் இந்தியா தோற்கும் என்பதைக் கனவிலும் கருதாதிருந்த ரசிகர் பலர் அன்று பெற்ற அதிர்ச்சி சிறிதன்று.

அதிர்ச்சி தணிந்ததும் சினம் பிறந்தது. சினத்திற்கு ஓர் இலக்கும் கிடைத்தது. ஈரானிய மகளிர் அணியைப் பயிற்றுவித்தவர் இந்தியப் பெண்மணி. மகாராட்டிரத்து நாசிக் நகரைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். மொழி அறியா நாட்டிற்குச் சென்று, அவ்வணியின் பெண்களுக்கு ஆட்ட நுணுக்கத்தோடு யோகப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் கற்பித்தவர் அவர். "நம் கலையை அயலாருக்குக் கற்பித்து நம்மையே வீழ்த்தச் செய்யலாமா?" என்று கேட்டனர் சிலர். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் போட்டியில் ஈரானிய வீரர்களைச் சேர்த்துக்கொண்டதே பெரும்பிழை என்றனர் வேறு சிலர். அங்கே அவர்கள் இந்திய வீரரோடு ஓரணியில் ஆடி, இவர்தம் வலிவையும் மெலிவையும் கற்றுச் சென்றனர் என்பது அவர்தம் வழக்கு.

இவ்வழக்கில் ஒரு பாதி உண்மையே. அவர்கள் கற்றுத்தான் சென்றனர். ஆயின் கற்றது அவர்கள் மட்டுமோ? தஞ்சை மாவட்டம் தந்த தர்மராஜ் சேரலாதனின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2016ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் நடந்த லீக் போட்டியில் அவர் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கினார். வருபவரின் கணுக்காலைக் கவ்வி வீழ்த்தும் ஈரானிய வீரர் பாசில் அத்ராசலி அவ்வணியில் அவருக்குத் துணைநின்றார். இருவரும் ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடி, அவ்வாண்டின் பட்டத்தைப் பாட்னாவுக்கு வென்று தந்தனர். மூன்று திங்கள் கழிந்தது. அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி நாளன்று சேரலாதன் இந்திய அணியிலும் அத்ராசலி ஈரானிய அணியிலும் இருந்தனர். நாற்பது அகவையைக் கடந்தும் களத்தில் நின்ற அந்தத் தஞ்சை வீரர், எதிரணியில் நின்றவரின் பிடி எத்தகையது என்பதைத் தோழமையால் அறிந்திருந்தார். அவர் பிடியை இவரும், இவர் பிடியை அவரும் அறிந்த அப்போட்டியே காண்பதற்கு இனியதாயிற்று.

பகைவருக்குக் கலையைக் கற்பித்தல் தீது என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கபடியில் எதிரே நிற்பவன் பகைவன் அல்லன். அவன் இல்லையேல் ஆட்டமே இல்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது இவ்விளையாட்டு அந்நகரில் ஆடிக் காட்டப்பட்டது. அதன்பின் எத்தனையோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்தும் கபடி அவற்றில் இடம்பெறவில்லை. ஒரு நாடே ஆடி அதுவே வெல்லும் விளையாட்டை உலகம் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? ஈரானும் கொரியாவும் சீனத் தைப்பேயும் வலிமை பெறும் அளவிற்கே கபடியின் மதிப்பும் உயரும். அவ்வகையில் நோக்கினால், நாசிக் நகரத்துப் பெண்மணி செய்தது இந்தியக் கபடிக்கும் செய்த தொண்டே என்பது விளங்கும். சினந்தவர் பலருக்கு இது கசக்கலாம். ஆயினும் கூறாமல் விடுவதற்கில்லை.

நெய்வேலியில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டுவதே இல்லை. அவர்களுடைய சுரங்கம் எளிதில் பணிந்ததன்று. நிலக்கரிக்கு மேலே கிடந்தது கடுமையான மணற்பாறை. அப்பாறையைக் கடித்த எந்திரங்களின் பற்கள் தேய்ந்து மழுங்கின. நிலக்கரிக்குக் கீழே, மேல்நோக்கி உந்தும் பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கி நின்றது. அதனை ஓயாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகும். 1957இல் அகழத் தொடங்கி, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியின் முகத்தைக் கண்டனர். பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பின்னர் எந்திரத்தைச் செலுத்தும் முறையையும், நீரை அடக்கும் முறையையும் அவ்வெதிர்ப்பிடமிருந்தே கற்றனர். மென்மையான மண்ணாக இருந்திருப்பின் இத்திறன்கள் பிறந்திரா.

தொழில் நகரத்து மக்களுக்கும் கடும்போட்டிக்கும் உள்ள உறவு பிற நாடுகளிலும் காணப்படுவதே. இங்கிலாந்தின் வடபகுதி அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களும் நெசவாலைகளும் நிறைந்திருந்தது. அங்கே ரக்பி ஆடிய இளைஞருள் பலர் தொழிலாளர். சனிக்கிழமைப் போட்டிக்காகப் பணியை விட்டால் கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடுசெய்ய ஆட்டத்தின் தலைமைக் கழகம் இசையவில்லை. ஆகவே 1895இல் ஹடர்ஸ்பீல்டு நகரில் வடபகுதிச் சங்கங்கள் கூடித் தனியே பிரிந்தன. அப்பிரிவிலிருந்து வளர்ந்ததே 'ரக்பி லீக்' என்னும் ஆட்டம். பந்தை ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் பற்றி வீழ்த்தும் அவ்வாட்டத்தைக் காணும் தமிழருக்குச் சடுகுடு நினைவு வராமற் போகாது.

1954இல் அவ்வாட்டத்தின் கோப்பை இறுதிப் போட்டி இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்தது. கம்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற வாரிங்டன் நகரமும் நெசவுத் தொழில் நகரமாகிய ஹாலிபாக்ஸும் மோதின. முடிவு 4–4, எவருக்கும் வெற்றியில்லை. மே 5ஆம் நாள், பிராட்போர்டு நகரத்து ஆட்சல் திடலில் மீண்டும் மோதுவதென்று முடிவாயிற்று. அந்நாள் புதன்கிழமை, விடுமுறையன்று. ஆயினும் ஆலை வேலை முடித்தவர் சாரிசாரியாகப் புறப்பட்டு வந்தனர். அன்று மாலை அத்திடலில் கூடியவர் என்று கணக்கிடப்பட்டோர் 1,02,569 பேர். முதற்போட்டியில் ஒரு நகரம் மற்றொன்றை எளிதில் வென்றிருப்பின் இவ்வளவு பெரிய கூட்டம் கூடியிருக்குமோ? வாரிங்டன் 8–4 என்று வென்றது. மூன்று நாள் கழித்து வேறொரு பட்டத்திற்கான இறுதிப் போட்டியிலும் அவ்விரு நகரங்களே சந்தித்தன, முடிவு 8–7. தம் எதிரணி எத்துணை அரியது என்பதை வாரிங்டன் மக்கள் ஒருகாலும் மறந்திரார்.

இத்துணைத் தொலைவு செல்லாமலே தமிழ்நாட்டு மக்கள் பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி இந்தியாவுக்கு வந்தது. அதனை எதிர்த்த சிலர் தில்லி ஆடுகளத்தைத் தோண்டிப் பாழாக்கினர். முதற்போட்டி சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. நான்காம் நாள் வெற்றிக்கு 271 ஓட்டம் வேண்டியிருக்க, முதுகுவலியோடு போராடி 136 ஓட்டம் எடுத்தார் சச்சின் தெண்டுல்கர். அவர் ஆட்டமிழந்தபோது வெற்றிக்கு இன்னும் 17 ஓட்டமே தேவை. எஞ்சியோர் நான்கு ஓட்டத்தில் வீழ்ந்தனர். பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றது. அரங்கம் சிறிது நேரம் வாயடைத்துப் போயிற்று. பின்னர் அக்கூட்டம் எழுந்து நின்று வென்றவரைக் கைதட்டி வாழ்த்தியது. வாசிம் அக்ரம் தலைமையிலான அவ்வணியினர் அரங்கைச் சுற்றி வலம் வந்தனர். நான்கு நாளும் வெயிலில் அமர்ந்து இந்தியாவின் வெற்றியையே விரும்பியிருந்த மக்கள் அவர்கள். விருப்பம் நிறைவேறாத வேளையிலும், கண்ட ஆட்டத்தின் தகுதியை அவர்கள் மறைக்க விரும்பவில்லை.

மீண்டும் கபடிக்கு வருவோம். ஜகார்த்தாத் தோல்விக்குப் பின் அடுத்த ஆசிய விளையாட்டு 2023இல் சீன நாட்டு ஹாங்சௌ நகரில் நடந்தது. ஐந்தாண்டுக் காத்திருப்பு! அக்டோபர் 7ஆம் நாள் இரண்டு இறுதிப் போட்டிகளும் நடந்தன. இந்திய நேரப்படி காலையில் மகளிர் ஆடினர். சீனத் தைப்பேயை 26–25 என்று ஒரே புள்ளியில் வென்றனர். அவ்விளையாட்டில் இந்தியா பெற்ற நூறாவது பதக்கம் அது. நெய்வேலியில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கப் போகும் நேரம் அது. ஆடவர் போட்டியோ நண்பகலை ஒட்டித் தொடங்கியது. பிற்பகல் ஷிப்டுக்காரர் உணவு உண்டு புறப்படும் நேரம்! எதிரணி ஈரான்.

28–28 என்ற சமநிலையில், ஆட்டம் முடியச் சிறிதே பொழுதிருக்க, இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிச் சென்றார். அவர் எவரையும் தொடுமுன் ஆடுகளத்தின் ஓரப்பகுதிக்குள் புகுந்தாரா, அவரைத் தொடர்ந்து அங்கே புகுந்த ஈரானியரும் ஆட்டமிழந்தவரா என்பது பற்றி வழக்கு மூண்டது. பழைய விதி ஒன்று கூற, புதிய விதி மற்றொன்று கூறியது. நடுவர் ஒரு முடிவு கூறுவர். ஓரணி மறுத்துக் களத்தில் அமரும். முடிவை மாற்றுவர், மற்ற அணி மறுத்து அமரும். இவ்வாறு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றுபோயிற்று. இறுதியில் இந்தியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பாகி, 33–29 என்று தங்கம் மீண்டது.

தங்கம் மீண்டதில் மகிழ்ச்சியே. எனினும் உண்மை ரசிகர் ஒருவரைக் கேட்டால், அவ்வெற்றியைத் தாம் விரும்பியவாறு பெறவில்லை என்றே கூறுவார். 28–28 வரை வந்த ஆட்டம், விதிநூலின் சொற்களால் அன்றி, ஒருவர் மூச்சாலும் மற்றொருவர் பிடியாலும் முடிந்திருக்க வேண்டும் என்பதே அவர் ஏக்கம். ஈரானியருக்கும் அவ்வேக்கம் இருந்திருக்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்வார். எதிரணியின் வீரர் காயமுறட்டும் என்று வேண்டிய முதற்குரலினர் இவ்வேக்கத்தை அறியார்; புள்ளிப் பட்டியலைக் கண்டு பட்டாசு கொளுத்திவிட்டுப் போய்விடுவர்.

2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி முதன்முறையாக இடம்பெற்றது. சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த பெண் ஒருவர் பெண்கள் அணியிலும், திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆண்கள் அணியிலும் ஆடினர். இரண்டு இறுதிப் போட்டிகளிலும் எதிரணி ஈரானே. பெண்கள் 75–21 என்று வென்றனர். ஆண்கள் 35–32 என்று வென்றனர். இரண்டும் தங்கமே, மதிப்பில் வேறுபாடில்லை. ஆயினும் இரண்டில் எப்போட்டியைக் காண உறக்கத்தைத் துறப்பீர் என்று நெய்வேலித் தொழிலாளர் ஒருவரைக் கேட்டால், அவர் தயங்காமல் இரண்டாவதையே சொல்வார். மூன்று புள்ளியில் வென்ற அவ்விளைஞர் சில ஆண்டுகளில் மூத்தோர் அணிக்கு உயர்வர். மூன்று புள்ளியில் தோற்ற ஈரானிய இளைஞரும் அதற்குள் இன்னும் தேர்ந்து வந்து எதிரே நிற்பர்.